இரண்டு பேர் மட்டும் ஏறும் கார்

சிவகௌரி என் கடைக்கு முதன்முதலாக வந்து மாமியாருக்கு மருந்து வாங்கிக்கொண்டு போன அன்று, கடையில் நின்ற ஒரு பெண் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உவதான் அந்தச் சுவிஸ்காரி. கண்மண் தெரியாமல் காரை ஓடிப் புருசனைச் சாக்காட்டினவ."

மருதனார்மடம் சந்தைக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நோயைப் பற்றிக் கேட்பதை விட ஊர்க்கதை கேட்பதுதான் எனக்கு அதிகம். ஆனாலும் இந்தக் கதை என் மனதில் தங்கிவிட்டது. வந்து போனவள் மெலிந்த, அமைதியான பெண். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். சில்லறையை எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பழைய வெள்ளிநிறக் கார் ஒன்றை மெதுவாகப் பின்னுக்கு எடுத்துத் திருப்பி, சைக்கிளில் வந்த ஒருவருக்கு வழிவிட்டு நின்று, பிறகுதான் போனாள். கண்மண் தெரியாமல் ஓடுகிற ஆளாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சில மாதங்களில் கடைக்கு வருகிறவர்களிடம் அதே கதையை வேறு வேறு விதமாகக் கேட்டேன். புருசனின் பெயர் சுதாகரன், காங்கேசன்துறையைச் சேர்ந்தவன். சுவிசில் ஒரு மலைக்கிராமத்தில் இருந்தவன். கொழுத்த காசுக்குச் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, பனி கொட்டுகிற நாளிலும் அதில்தான் திரிந்தானாம். பனிக்குள் அந்தக் கார் சரிந்து கிடக்கிற படத்தைப் பலர் தங்கள் கைப்பேசியில் பார்த்திருந்தார்கள். அதை ஓட்டியது சிவகௌரி. அவன் செத்தது அந்தக் காருக்குள். இவ்வளவும் ஊருக்குப் போதுமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கடையில் யாருமில்லாத நேரம் அவள் வந்தாள். மாமியார் மீனாம்பிகை அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, மூட்டு வலியும் கூட என்றாள். நான் வழமையான வலிக்குளிசையை எடுத்து வைத்தேன்.

"அக்கா, உது கிட்னிக்குக் கூடாதெல்லோ. அவவுக்குக் கிரியாற்றினின் கூடவாம் எண்டு கிளினிக்கிலை சொன்னவை."

"நீங்கள் நேர்ஸோ?"

"இல்லை. என்ரை அவருக்கு அஞ்சு வருசம் டயாலிசிஸ் செய்தது."

சொன்ன பிறகுதான் தான் சொல்லிவிட்டதை உணர்ந்தாள் போலிருந்தது. கை மேசையைப் பிடித்துக்கொண்டது. நான் உள்ளேயிருந்து கதிரை எடுத்துப் போட்டேன். அன்று பாதி சொன்னாள். மீதியைப் பல தடவையாகச் சொன்னாள். நான் அதை முறைப்படி சொல்கிறேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

சுதாகரனின் தகப்பன் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சண்டை வந்து சனம் எழும்பி ஓடியபோது சுதாகரனுக்குப் பன்னிரண்டு வயது, தம்பி கோபிசங்கருக்கு இரண்டு. தகப்பன் சாமான்களைச் சுமக்க, தாய் சுகமில்லாமல் நடக்க, தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் சுதாகரன். சில வருடத்தில் தகப்பன் இறந்தார். அதன் பிறகு சுதாகரன் வாங்கியதெல்லாம் மற்றவர்களுக்குத் தேவையானவை: அரிசி, தம்பியின் சப்பாத்து, தாயின் மருந்து. சுவிசுக்குப் போய் மலையடிவார நகரத்தில் அல்ல, மலைக்கு மேலே ஒரு சுற்றுலாக் கிராமத்து ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு சமையலுக்கு உயர்ந்தான். தம்பியைப் படிப்பித்தான். சிவகௌரியைக் கலியாணம் முடித்துக் கூப்பிட்டான். பிள்ளைகள் பிறக்கவில்லை. அவள் அதே ஹோட்டலில் துணி தோய்க்கிற பகுதியில் விடியக்காலை வேலைக்குப் போவாள். அவன் பின்னேரம் போய் எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகு வருவான். கட்டிலின் ஒரு பக்கம் சூடாக இருக்கும்போது மற்றப் பக்கம் குளிர்ந்திருக்கும் என்றாள்.

ஒரு கோடையில் அவன் அந்தக் காருடன் வந்து நின்றான். பழைய கார்தான். வயதான ஒரு கராஜ்காரர், தன் மகள் விட்டுவிட்டுப் போனதைக் கொடுத்திருந்தார். சிவப்பு, தட்டையானது, துணிக்கூரை, இரண்டே இருக்கை.

"விசரே உங்களுக்கு? மாரியிலை, பனிக்குள்ளை, உதை என்னெண்டு ஓடுறது?"

"தேவையில்லாத ஒரு சாமானை ஒருக்காலாவது வாங்கோணும் கௌரி. ஒரே ஒருக்கால்."

அவன் வீட்டில் உரத்துச் சிரிப்பதே குறைவு. அன்று சிரித்தான்.

அந்தக் கிராமத்தில் அப்படிப்பட்ட கார் வைத்திருந்தவர்கள் ஐப்பசியுடன் அதைப் போர்த்து மூடிவிடுவார்கள். மாரிக்கு நாலு சில்லும் இழுக்கிற பெரிய வாகனத்தில் போவார்கள். இவர்களுக்கு இரண்டாவது வாகனம் இல்லை. பின்சில்லு மட்டும் இழுக்கிற, நிலத்தோடு தேய்கிற அந்தக் காருக்குப் பனிக்கால டயர் போட்டு, டிக்கிக்குள் பாரத்துக்கு இரண்டு மண்மூட்டை வைத்து, பன்னிரண்டு மாதமும் ஓடினான் சுதாகரன். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். கூரைத் துணியில் விழுந்த பனியைக் காலையில் தும்புத்தடியால் தட்டுவான். முன்பக்கம் பனியைத் தள்ளிக்கொண்டு போகும். அதைப் படமெடுத்துக் குடும்பத்துக் குழுவுக்கு அனுப்புவான். பனிக்கு நடுவே சிவப்புக் கார். இங்கே அதைப் பார்த்தவர்கள், ஆள் நல்லாய் வந்திட்டான் என்றார்கள். கொஞ்சப் பேர் வேறு மாதிரியும் சொன்னார்கள்.

இரண்டாவது மாரியில் அவனுக்கு முகம் வீங்கியது. இரத்த அழுத்தம் பல வருடமாக இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி, கிழமைக்கு மூன்று நாள், மலைக்குக் கீழே உள்ள நகரத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். நோயாளிகளை ஏற்றி இறக்குகிற வாகனம் ஒன்று இருந்தது. கோடை வரும்வரை அதில் போய்வந்து, "கண்ணாடிக்குள்ளாலை எல்லாரும் பாக்கினம், எனக்கு வேண்டாம்" என்று விட்டுவிட்டான். தபால் பஸ்ஸின் நேரம் ஆஸ்பத்திரி நேரத்துக்கு ஒத்துவரவில்லை. அவனால் சுத்தம் செய்த பிறகு கார் ஓட்ட முடியாது. கை நடுங்கும், கண் இருட்டும்.

சிவகௌரி கார் ஓடப் பழகினாள். அதற்கு முன் அவள் ஓடியது சைக்கிள் மட்டும். கோடையில் பழகி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டாள். முதல் பனி விழுந்த அன்று காருக்குள் இருந்து அழுதாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவே வளைந்து வளைந்து இறங்குகிற தெரு.

"அழாதையும். இரண்டாம் கியரிலை எடும். அவசரப்பட்டு அமத்தாதையும்."

"வழுக்கினால்?"

"வழுக்கிற பக்கத்துக்கே ஸ்ரியறிங்கைத் திருப்பும். பிறேக்கைத் தொடாதையும்."

"பள்ளத்துப் பக்கம் வழுக்கினால் பள்ளத்துக்கே திருப்பச் சொல்லுறியள்?"

"ஓம். இழுத்துப் பிடிச்சால்தான் சுத்தும். நான் இருக்கிறன், ஓடும்."

அந்த மாரி முழுக்க அவன் பக்கத்தில் இருந்து சொன்னபடியே ஓடினாள். கையுறைக்குள் விரல் வியர்க்கும். அவள் ஓடத் தொடங்கிய மூன்றாவது மாரியில் அவன் சொல்வதை நிறுத்திவிட்டான். அவளுக்கு எந்த வளைவில் வெயில் படாது, எங்கே தண்ணீர் உறைந்து கண்ணாடியாய்க் கிடக்கும் என்று பாடமாகியிருந்தது. பனி அள்ளுகிற வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். பெயர்கூடச் சரியாகத் தெரியாது. அந்த மூன்று நாளும் முதலில் இவர்களின் வீட்டுக்குப் போகிற சின்ன ஒழுங்கையைத்தான் வழித்துவிடுவார். ஒருநாளும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

அந்தக் காரில் ஏறுவது கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி இருக்கும். திரும்பி வந்ததும் அவனை வெளியே எடுக்க அவள் குனிந்து, அவன் கைகளைத் தன் கழுத்தில் போட்டுத் தூக்குவாள். "பாரும், கலியாணத்தண்டுகூட நான் உம்மை இப்பிடிக் கட்டிப்பிடிக்கேல்லை" என்பான்.

இதைச் சொன்னபோதுதான் அவள் முதன்முறை என் முன் சிரித்தாள். "அக்கா, நாங்கள் பத்து வருசம் ஒரு வீட்டிலை இருந்து கதைச்சதைவிட அந்தக் காருக்குள்ளைதான் கூடக் கதைச்சனாங்கள். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். வேறை ஆருக்கும் அதுக்குள்ளை இடமில்லையெல்லோ."

சிறுநீரகம் மாற்றினால் பிழைக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கு வரிசை நீளம். சிவகௌரி தன்னுடையதைக் கொடுக்கப் போனாள். பரிசோதித்துவிட்டு, உன்னுடையதே பலவீனம், ஒன்றை எடுத்தால் உனக்கு ஆபத்து என்று திருப்பிவிட்டார்கள். தாய் நீரிழிவுக்காரி. மிச்சம் இருந்தது கோபிசங்கர்.

சுதாகரன் கேட்க மாட்டேன் என்று பல மாதம் நின்றான். கடைசியில் சிவகௌரிதான் தொலைபேசியைப் பிடித்துக் கொடுத்தாள். கோபி யோசிக்கவே இல்லை. "அண்ணை, என்ன கதை இது, நான் வாறன்" என்றான். கொழும்புக்குப் போய்ப் பரிசோதனை செய்தான். பொருந்தியது. விசாவுக்கு வேண்டிய அலுவல்கள் நடந்தன. அந்த நேரத்தில் அவன் மனைவி தயாளினி கர்ப்பமாக இருந்தாள். அவளுக்கு விசயம் தெரிந்ததும் சாப்பிடாமல் கிடந்து அழுதாள். உங்களுக்கு ஒன்று நடந்தால் இந்தப் பிள்ளைக்கு யார் என்று கேட்டாள். கேட்டதில் பிழையும் சொல்ல முடியாது.

கோபி அழைத்தபோது சுதாகரனும் சிவகௌரியும் ஆஸ்பத்திரியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தார்கள். காரின் ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

"அண்ணை... என்னாலை ஏலாமல் கிடக்கு."

சுதாகரன் ஹீற்றரின் சத்தத்தைக் குறைத்தான். சிவகௌரி தெருவைத்தான் பார்த்தாள். பனி தூறிக்கொண்டிருந்தது.

"சரியடா. அந்தரப்படாதை. தயாளினியைப் பார். ஒண்டு மட்டும், அம்மாவுக்கு ஒண்டும் தெரிய வேண்டாம். எனக்குக் கிட்னி வருத்தமெண்டே தெரிய வேண்டாம். தெரிஞ்சால் உன்னை இருக்க விடமாட்டா."

அழைப்பு முடிந்ததும் சிவகௌரி காரை ஓரமாக்கி நிறுத்தினாள். கோபியைத் திட்டினாள். வாயில் வந்ததெல்லாம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"அவனைத் தூக்கித் திரிஞ்சது நான்தான் கௌரி. அதுக்காக அவன் இப்ப என்னைத் தூக்கோணுமெண்டு ஒரு சட்டமும் இல்லை. நீரும் அம்மாட்டைச் சொல்லப்படாது. எனக்குச் சத்தியம் பண்ணும்."

அவள் பண்ணினாள். அதன் பிறகு அவன் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. தாயுடன் வீடியோவில் கதைக்கும்போது கையில் ஊசி ஏறிய பக்கத்தை மறைத்துக்கொண்டு, காரை வைத்துப் பகிடி விடுவான். மெலிந்துவிட்டாய் என்று தாய் சொன்னால், உடற்பயிற்சி செய்கிறேன் என்பான்.

கடைசி மாரியில் ஒரு நாள், எதிரே வந்த லொறிக்கு விலக்கப் போய், கார் வழுக்கி ஓரத்துப் பனிக்குவியலுக்குள் மூக்கைச் செருகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. சுதாகரன் கதவைத் திறக்க முடியாமல் இருந்தபடியே சிரித்துச் சிரித்துப் படமெடுத்தான். மண்வெட்டியோடு நிற்கிற சிவகௌரியும் அதில் இருந்தாள். "என்ரை டிறைவர் என்னைப் பனிக்குள்ளை தாட்டுப்போட்டா" என்று எழுதிக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினான். அந்தப் படம்தான் பிறகு இங்கே கைக்குக் கை போனது.

சித்திரை மாதத்து ஒரு சனிக்கிழமை. தெருவோரங்களில் பனி கிடந்தாலும் தெரு காய்ந்துவிட்டது. நல்ல வெயில். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அவன், "கூரையைத் திறவும்" என்றான். நோய் வந்த பிறகு ஒருநாளும் திறந்ததில்லை. அவனுக்குக் குளிர் தாங்காது. அவள் மறுத்தாள். "ஒருக்கால் திறவுமன்" என்றான். திறந்தாள். ஹீற்றரைக் கூட்டிவிட்டு, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அவன் தலையைச் சாய்த்து முகத்தை வெயிலுக்குக் கொடுத்தான்.

"ஆறுதலாப் போம். ஒரு அவசரமும் இல்லை."

அதுதான் கடைசியாகச் சொன்னது. நித்திரையாகிவிட்டான் என்று அவள் நினைத்தாள். வளைவுகளில் அவன் தலை ஆடக்கூடாது என்று இன்னும் மெதுவாக ஓடினாள். வீட்டு வாசலில் நிறுத்தி எழுப்பினாள். எழும்பவில்லை. பின்னால் வந்த ஒரு கார்க்காரர் வழி கேட்டு ஹோர்ன் அடித்தது மட்டும் தனக்கு நினைவிருக்கிறது என்றாள்.

அது கொரோனாக் காலம். இங்கிருந்து யாரும் போக முடியவில்லை. மீனாம்பிகை அம்மா மகனின் சவத்தைக் கைப்பேசியில் பார்த்தார். எப்படி நடந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். காருக்குள், திடீரென்று, என்றுதான் கோபி சொன்னான். பனிக்குள் சரிந்த படம் அதற்குச் சில கிழமைக்கு முன்தான் வந்திருந்தது. மிச்சத்தை ஊர் தானாகக் கட்டிக்கொண்டது. கோபி அதை மறுக்கவில்லை. மறுப்பதென்றால் நோயைச் சொல்ல வேண்டும். நோயைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

மறுவருடம் சிவகௌரி சாம்பலோடு வந்தாள். கீரிமலையில் கரைத்துவிட்டு ஒரு மாதத்தில் திரும்புவதாகத்தான் நினைப்பு. காங்கேசன்துறையில், திரும்பக் கிடைத்த காணியில் சுதாகரன் அனுப்பிய காசில் கட்டிய வீட்டில் மாமியார் தனியாக இருந்தார். கோபி குடும்பம் மருதனார்மடத்தில், அவன் நடத்துகிற இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில். அவள் காங்கேசன்துறை வீட்டுப் படியேறிய அன்றே மாமியார் கேட்டார்:

"காருக்குள்ளையோ போனவன்?"

"ஓம் மாமி."

"ஆர் ஓடினது?"

"நான்தான்."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் அவளுடன் நேரே கதைக்கவில்லை. போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. சோற்றை வைத்தால் சாப்பிடுவார். தேவையானதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார். சிவகௌரி திரும்பிப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "அங்கை போய் ஆரோடை அவரைப் பற்றிக் கதைக்கிறது? இவ என்னோடை கதைக்காட்டிலும் அவரின்ரை தாயெல்லோ" என்றாள்.

மாமியாருக்கு இதயம் பலவீனம். கிளினிக்குக்குக் கொண்டு போகலாம் என்றுதான் அந்த வெள்ளிநிறக் காரை வாங்கினாள். அந்த அம்மா அதில் ஏற மறுத்துவிட்டார். ஒவ்வொரு கிளினிக் நாளும் கந்தப்பு என்கிறவரின் ஓட்டோவில் அவர் போவார். பின்னால் வெறும் காரில் சிவகௌரி போவாள். கந்தப்பரே இதை என்னிடம் சொல்லித் தலையில் கைவைத்தார்.

போன வருடம் கார்த்திகையில் புயல் மழை பெய்த கிழமை. மூன்று நாளாக விடாமல் கொட்டியது. ஒரு பின்னேரம் மீனாம்பிகை அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கந்தப்பரைக் கூப்பிட்டால், முழங்காலளவு தண்ணீர், ஓட்டோ நின்றுவிடும் என்றார். அம்புலன்ஸ் வேறு எங்கேயோ சிக்கியிருந்தது. கோபிக்கு அழைத்தால் தொடர்பு இல்லை. சிவகௌரி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மாமியாரின் கைகளை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுத் தூக்கி முன் இருக்கையில் இருத்தினாள்.

"விடு, விடு என்னை. உன்னோடை வரமாட்டன்."

"பேந்து பேசுங்கோ மாமி. இப்ப சாய்ஞ்சு இருங்கோ."

ஒழுங்கையில் தண்ணீர் மதிலைத் தொட்டு ஓடியது. தெரு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. முதலாம் கியரில் எடுத்து, காலை ஒரே அளவில் வைத்து, நிறுத்தாமல், பிறேக்கைத் தொடாமல், முறிந்து கிடந்த ஒரு வாழையைச் சுற்றிக்கொண்டு போனாள். சில்லு ஒரு பக்கம் இழுபட்டபோது இழுத்துப் பிடிக்காமல் விட்டுக் கொடுத்து எடுத்தாள். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சத் தூரம்தான். அன்று அது முடியவே இல்லை. ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, கியர் மாற்ற வேண்டியில்லாத நேரமெல்லாம் மற்றக் கையை மாமியாரின் நெஞ்சில் வைத்திருந்தாள்.

மாவிட்டபுரம் தாண்டும்போது அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சுக்கு நடுவே கேட்டார்:

"இப்பிடியோ... அவனையும்... ஓடினனீ?"

"ஓம் மாமி. இதைவிட மெல்லத்தான்."

"எங்கை கொண்டு போனனீ?"

சத்தியத்தை அந்த இடத்தில் உடைத்தாள் சிவகௌரி. என்னிடம் சொல்லும்போது, "இந்தா போயிடுவா எண்டு நினைச்சன் அக்கா. என்னைத் திட்டினபடியே போனாலும் பரவாயில்லை. மகன் வேகத்திலை அடிபட்டுச் செத்தவன் எண்டு நினைச்சுக்கொண்டு போகப்படாது" என்றாள்.

"ஆசுப்பத்திரிக்கு, மாமி. கிழமைக்கு மூண்டு நாள். அஞ்சு வருசமா."

அந்த அம்மா நெஞ்சில் இருந்த அவள் கைக்கு மேல் தன் கையை வைத்தார். ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை எடுக்கவில்லை.

அவர் பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம் இருந்தார். அந்த மூன்று மாதமும் ஒரே வேலை, மகனைப் பற்றிக் கேட்பது. காருக்குள் என்ன கதைப்பான்? என்ன சாப்பிடுவான்? ஊசி குத்தும்போது அழுதானா? பனி எப்படியிருக்கும், குளிருமே, போர்த்துவிட்டாயா? சிவகௌரி சொல்லிக்கொண்டே இருப்பாள். கடைக்கு வந்தால், "அக்கா, கெதியா தாங்கோ, மாமி பாத்துக்கொண்டிருப்பா" என்பாள். அவள் முகத்தில் சதை பிடித்திருந்தது அந்த மாதங்களில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபியும் வந்திருந்தான். தாயின் கட்டிலடியில் நின்றான். அந்த அம்மா சிவகௌரியைப் பார்த்துக் கேட்டார்:

"உதுக்குக் கிட்னி மாத்திறதாம் எண்டு சொல்லுவினம். அவன் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையோ?"

கோபியின் கண் சிவகௌரியிடம் போனது. அவள் அவனைப் பார்க்கவில்லை.

"இல்லை மாமி. கேக்கேல்லை."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே. கிழவி எண்டாலும் ரெண்டு இருந்ததுதானே."

அதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். மகன் இறந்த செய்தி வந்த நாளில்கூட அப்படி அழவில்லையாம். கோபி முற்றத்துக்குப் போய், செருப்பைப் போடாமலே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பிறகு வரும்போதெல்லாம் படலையடியில் நின்று பழங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவான்.

மாசி மாதத்தில் மீனாம்பிகை அம்மா நித்திரையிலேயே போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நானும் போயிருந்தேன். கீரிமலையில் கிரியை முடிந்து, வீட்டில் பந்தியும் முடிந்து, உறவினர்கள் கூடத்தில் இருந்தார்கள். யாரோ ஒரு வயதான பெண், மூத்தவன் அந்தக் காரை வாங்காமல் இருந்திருந்தால் கொள்ளி அவன் கையால் கிடைத்திருக்கும் என்று பெருமூச்சு விட்டார். கோபி எழும்பினான். மொட்டைத் தலையும் வெறும் மேலுமாக நின்றான்.

"கார் கொல்லேல்லை, பெரியம்மா. அண்ணைக்குக் கிட்னி இல்லை. நான் தாறன் எண்டு சொல்லிப்போட்டுக் குடுக்கேல்லை. அண்ணிதான் அஞ்சு வருசம் பனிக்குள்ளாலை கொண்டு திரிஞ்சவ. உங்கள் எல்லாரின்ரை பேச்சையும் கேட்டுக்கொண்டு, இவ்வளவு நாளும் என்னைக் காட்டிக் குடுக்காமல் இருந்தவ."

தயாளினி சீலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். சிவகௌரி குசினி வாசலில் நின்றாள். கோபி அவள் முன்னால் போய், கும்பிடப் போனவன் மாதிரிக் கையை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். அவள், "முதல்லை சாப்பிடும். விடியத் தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தாள். மாமியாரின் மிச்சக் குளிசைகளை ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். விற்ற மருந்தைத் திருப்பி எடுப்பதில்லை. ஆனாலும் வாங்கி வைத்தேன். வீட்டில் அவை கண்ணில் படக்கூடாது என்றுதான் கொண்டுவந்தாள் என்பது தெரிந்தது.

"கோபி வந்தவரோ?"

"நேற்று வந்தவர். வீட்டை என்ரை பேருக்கு எழுதித்தாறாராம். நான் வேண்டாமெண்டன். கனநேரம் இருந்து அழுதார்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஒண்டும் சொல்லேல்லை அக்கா. மன்னிச்சிட்டன் எண்டு சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்குப் பாரம் குறையும். எனக்கு வாய் வரேல்லை. பொய்யாச் சொல்லி என்ன செய்ய?" கொஞ்சம் யோசித்தாள். "கோபமும் இல்லை. கோபி குடுத்திருந்தால் என்ரை அவர் இப்ப இருப்பாரோ எண்டு மட்டும் நினைப்பு வரும். சோறு வடிக்கேக்கை வரும். உடுப்புக் காயப்போடேக்கை வரும்."

அந்த நேரத்தில் அழுகிற குழந்தையோடு ஒரு தாய் கடைக்குள் வந்தாள். காய்ச்சல். சிவகௌரி விலகி இடம் விட்டு, வெளியே வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.